ஜாமீன் கையெழுத்து

ஆர்.கே.புரம், புதுதில்லி
12.7.1981

அன்புத் தம்பி வடிவேலுக்கு,

அக்கா அனந்தலக்ஷ்மி எழுதியது. இங்கே நான் சுகம். அகமதாபாத்தில் பருப்பிலும் சர்க்கரை போடுகிறார்கள் என்று அழுதாயே, நாக்கு பழகிவிட்டதா?

உன் ஜவுளி டிசைன் படிப்பின் கடைசி வருஷத்துக்குப் பணம் கிடைத்துவிட்டது. ஆபீஸ் சொசைட்டியில் ஆறாயிரம் கடன் எடுத்தேன். மாதாமாதம் என் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஜாமீன் போடத்தான் ஆள் கிடைக்கவில்லை. அப்பா இருந்தபோது நம் வீட்டில் காபி குடித்தவர்கள்கூட ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். கடைசியில் எங்கள் சூப்பரின்டெண்ட் இராஜமாணிக்கம், நான் கேட்காமலே வந்து கையெழுத்துப் போட்டார். நாற்பத்தாறு வயது, மனைவி இல்லை. எவ்வளவு, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் உதைத்தது.

பெட்ஷீட்டில் பூப்போட நாலு வருஷப் படிப்பா, என்ன சம்பளம் வரும் என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. நீயே எழுது.

அன்புடன்,
அக்கா

அகமதாபாத்
2.8.1981

அன்புள்ள அக்கா,

பதில் இதோ. போன வருஷம் முடித்தவர்களில் ஒருவனுக்கு உங்கள் தில்லி ஓக்லாவில் ஏற்றுமதிக் கம்பெனியில் தொள்ளாயிரம். கைத்தறிச் சங்கத்துக்குப் போனவனுக்கு முந்நூற்றைம்பது, அதுவும் நேரத்துக்கு வருவதில்லை. எனக்குத் தறிதான் பிடிக்கிறது. ஆனால் கடன் இருக்கும்வரை ஓக்லாதான். இரண்டே வருஷத்தில் அடைத்துவிடுகிறேன், பார்.

இராஜமாணிக்கம் சாரைச் சந்தேகப்படாதே. உனக்கு எல்லோர்மேலும் சந்தேகம். நான் அச்சிட்ட மேஜை விரிப்பு ஒன்றை அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.

உன் தம்பி,
வடிவேல்

ஆர்.கே.புரம்
18.1.1982

அன்புள்ள வடிவேலு,

ஞாயிறு தவறாமல் அவர் வருகிறார். உட்காரச் சொல்வதற்கு முன்பே அப்பாவின் நாற்காலியில் உட்காருகிறார். உன் விரிப்பை நம் வீட்டு மேஜையில் அவரே விரித்து, “இது இங்கதான் இருக்கணும்” என்றார். போன வாரம் என் ஜாதகம் கேட்டார். எனக்கு விருப்பமில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். “அவசரம் ஒண்ணுமில்லை, அனந்தம். என் கையெழுத்து எங்க போயிரப் போகுது” என்று சிரித்தார்.

முப்பது வயதில் பயமாக இருக்கிறது என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயமாக இருக்கிறது.

எங்கள் ஆபீஸ் தபால் பிரிவில் இருக்கும் தாயம்மாள் ஏப்ரலில் நிரந்தரமாகிறாள், அதன் பிறகு அவள் ஜாமீன் போடலாம். கடன் பத்திரத்தில் அவர் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போடச் சம்மதித்திருக்கிறாள். அதுவரை அவரிடம் ஒரு குண்டூசிகூட வாங்கக் கூடாது.

அக்கா

அகமதாபாத்
24.1.1982

அக்கா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. அதற்குள் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

கடைசி புராஜெக்டுக்கு நூல், சாயம், தறி வாடகை எல்லாமாக இரண்டாயிரம் தேவைப்பட்டது. உனக்கு இதற்கு மேல் பாரம் வேண்டாம் என்று, இன்னொரு ஜாமீன் போட முடியுமா என அவருக்கே எழுதிக் கேட்டேன். ஜாமீன் எதற்கு என்று தன் கையிலிருந்தே டிராஃப்ட் அனுப்பிவிட்டார். கூடவே, “இனிமேல் சார் வேண்டாம், அத்தான் என்றே எழுது” என்று ஒரு வரி. விளையாட்டு என்று நினைத்தேன். பணம் முழுக்க நூலாகிவிட்டது. திருப்பித் தர என்னிடம் ஒன்றுமில்லை.

நான் மடையன், அக்கா. என்ன செய்யட்டும், சொல்.

வடிவேல்

ஆர்.கே.புரம்
9.2.1982

வடிவேலு,

உன்னைத் திட்ட எனக்குத் தெம்பில்லை. நீ அவருக்கு எழுதிய கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “மச்சினன் எழுதியிருக்கான்” என்று செக்ஷன் முழுக்கக் காட்டிவிட்டார். மேல் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் என்னைப் படியில் நிறுத்தி, கல்யாணத்துக்கு முபாரக் என்று வாழ்த்தினாள். இல்லை என்றேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

தாயம்மாள் பின்வாங்கிவிட்டாள். அவளைப் பற்றி வருஷா வருஷம் ரகசிய ரிப்போர்ட் எழுதுகிறவர் அவர்தான். பாவம், அவளுக்கும் இரண்டு குழந்தைகள்.

வேறு வழி தேடிக்கொண்டிருக்கிறேன். படிப்பைப் பாதியில் விட்டு வந்து நிற்காதே. அவருக்கு மட்டும் இனி ஒரு வரி எழுதாதே.

அக்கா

அகமதாபாத்
3.6.1982

அன்புள்ள அக்கா,

நீ சொன்னபடி அவருக்கு நான் எழுதவில்லை. உனக்கு எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. நேற்று அவர்தான் ஒரு கார்டு போட்டிருந்தார். கல்யாணம் சுருக்கமாக முடிந்ததாம். நீ வேலையை விட்டுவிட்டாயாம். சொசைட்டிக் கடனை ஒரே தவணையில் கட்டிவிட்டாராம், எனக்குப் பிடித்த வேலைக்கே நான் போகலாமாம். உனக்குக் கடிதம் எழுதப் பொழுதில்லையாம், எதுவானாலும் தன் ஆபீசுக்கே எழுதச் சொல்கிறார். நீ இருந்த ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸையும் ஆபீசிடம் ஒப்படைத்தாயிற்றாம். புது வீட்டின் விலாசம் கார்டில் இல்லை.

இதைத் தாயம்மாள் அக்காவுக்கு அனுப்புகிறேன். எப்படியாவது உன் கையில் சேர்ப்பாள் என்று நம்புகிறேன்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது, தில்லியிலேயே. பதினான்காம் தேதி காலையில் வந்து இறங்குகிறேன். எந்த வீட்டுக்கு வருவது என்று மட்டும் எழுது.

உன் தம்பி,
வடிவேல்