அப்பாவுக்கு ஒரு முழம் பட்டு

அன்புள்ள அம்மாவுக்கு, முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு மூன்று வேளையும் சோறு கிடைக்கிறது.

நேற்று விடுதியில் சின்னச் சண்டை, பயப்படாதீர்கள். விருந்தாளிகளிடம் மடகாஸ்கரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதை முதலாளி எழுதித் தந்தார். லெமூர் என்ற விலங்குக்கு இரண்டு பக்கம். நம் மக்களுக்கு ஒரே வரி: "இவர்கள் பிணத்தோடு ஆடுவார்கள்."

"பிணமா? அது எங்க அப்பாய்யா! கல்லறையிலேர்ந்து எடுத்து, புதுப் பட்டு சுத்தி, வீட்டுச் சேதியெல்லாம் சொல்லி, தோள்ல தூக்கிட்டு ஆடுவோம்!"

"அட, இதையே சொல்லும்மா, கைதட்டுவாங்க."

தாளைக் கிழித்து அவர் காபியில் போட்டேன். அப்பாவை எடுக்கும் நாளுக்கு ஊர் வரக் கேட்டிருந்த செப்டம்பர் லீவை ரத்து செய்துவிட்டார்.

என் பங்குக்கு ஒரு முழம் பட்டு வாங்கிச் சுற்றுங்கள். அப்பாவிடம் காபி கதையைச் சொல்லுங்கள், சிரிப்பார். நான் வரவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மணி அடிக்கிறார்கள்.

மியாலி