சனிக்கிழமை யாருக்கு

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பன்னிரண்டு அம்பு விட்டேன். நான்கு, இலக்காக வைத்த வைக்கோல் கட்டுக்குள்; ஏழு, புல்லில். ஒன்று போன திசையே தெரியவில்லை. கோடை முழுக்க வில்லைத் தொடாமல் இருந்தால் வேறென்ன ஆகும்.

மான் வேட்டை தொடங்க இன்னும் இருபத்தைந்து நாள். தொடங்குவது சனிக்கிழமை. அதுதான் வம்பு. போன குளிர்காலத்தில் விவாகரத்தானபோது வக்கீல் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்தார். வீடும், கொல்லையில் இருக்கும் நீராவிக் குளியலறையும் எனக்கு; படகும் டிரக்கும் டுவேனுக்கு. காட்டில் இருவருமாக மரத்தில் கட்டிய வேட்டைப் பரண் மட்டும் பொது. திங்கள், செவ்வாய், புதன் எனக்கு. வியாழன், வெள்ளி அவனுக்கு. ஞாயிறு மானுக்கு. சனியை எழுத மறந்துவிட்டார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

டுவேனுக்குப் போன் செய்தேன்.

"உனக்கு மூணு நாளு, எனக்கு ரெண்டு. சனி யாருக்குன்னு நீயே கணக்குப் போட்டுக்க, மார்லிஸ்."

"ஞாயித்துக்கிழமையையும் எடுத்துக்க. மானுகிட்ட நான் பேசிக்கிறேன்."

வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மளிகைக் கடையில் டுவேன். கண்ணில் படுவதற்கு முன்பே மூக்கில் பட்டான். லாவெண்டர் பூ வாசனை. மே மாதத்திலிருந்து ஷெரில் என்பவளோடு இருக்கிறான். அவள் வீட்டிலேயே சோப்புக் காய்ச்சிச் சந்தையில் விற்பவள்.

"நீ மணக்கிற" என்றேன்.

"தேங்க்ஸ்" என்றான்.

மான் கால் மைலுக்கு அப்பால் இருந்தே சோப்பை மோந்துவிடும். இவன் முதல் நாள் காலையில் பரணில் ஏறினால் பத்து நாளைக்கு அந்தப் பக்கம் ஒரு முயல்கூட வராது. ஆக, சனி மட்டுமில்லை, என் திங்களும் செவ்வாயும் புதனும் சேர்ந்து போகும்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

போட்டி என்று முடிவாயிற்று. செப்டம்பர் எட்டு. ஆளுக்கு ஆறு அம்பு, பதினைந்து தப்படி தூரம், இலக்கு ஒரு காகிதத் தட்டு. ஜெயித்தவருக்கு அந்த முதல் சனி. தட்டில் அடிக்க முடியாதவருக்குக் காட்டில் வேலையில்லை. மானை அரைகுறையாகக் காயப்படுத்தி விடுவது பாவம். இந்த ஒரு விஷயத்தில் நானும் டுவேனும் இன்றுவரை ஒரே கட்சி.

ஆகஸ்ட் 30, வெள்ளி

தொலைந்த அம்பு பக்கத்து வீட்டுக்காரர் ஓர்வில்லின் தோட்டத்தில், பூசணிக்காய்க்குள். "நல்ல குறி" என்றார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

சாயங்காலம் கதவைத் தட்டியது யாரென்று பார்த்தால் டுவேன், தோளில் துண்டோடு.

"கொல்லையில கொஞ்சம் குளிச்சுக்கட்டுமா?"

"உங்க வீட்டுல தண்ணி வரலையா?"

"வருது. தண்ணியிலயும் அந்த வாசனைதான் வருது."

சோடா உப்பு தேய்த்தானாம். ஏரிச் சேற்றைப் பூசினானாம். இரண்டு ராத்திரி ஊசியிலைக் கிளைகளோடு டிரக்கில் படுத்தானாம். கதவைச் சாத்தியிருக்க வேண்டும். பரணை நினைத்துத் திறந்துவிட்டேன். ஒரு மணி நேரம், நீராவிக் குளியல் வழக்கப்படி, பிர்ச் மரக் கிளையால் தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் சத்தம். வெந்த இறால் போல வெளியே வந்து, "மோந்து பாரு" என்றான்.

பார்த்தேன். லாவெண்டர்தான்.

விவாகரத்து ஆன புருஷனின் கழுத்தை மோந்து பார்த்துக்கொண்டு — எனக்கு ஐம்பத்தாறு வயது. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

செப்டம்பர் 3, செவ்வாய்

மறுபடியும் குளித்தான். சற்றுக் குறைந்திருக்கிறது. ஓர்வில் வேலிக்கு மேலாகப் பார்த்து, தொப்பியைத் தூக்கினார். நாளைக்கு ஊரே தூக்கும்.

செப்டம்பர் 6, வெள்ளி

அம்புக்கு வான்கோழி இறகு ஒட்டிக்கொண்டிருந்தேன். வேகமாகக் காயும் பசை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், இறகு, அம்பு எல்லாம் ஒரே குடும்பமாகிவிட்டன. மற்ற கையை வைத்து விடுவிக்கப் பார்த்தேன். அதுவும் போய் ஒட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டல்.

"தொறந்துதான் இருக்கு. தள்ளுங்க. என்னால வர முடியாது."

ஷெரில். அழுத முகம்.

"டுவேன் இங்க வர்றாராங்க? நூலகம் போறேன்னு சொல்லிட்டு, உடம்பெல்லாம் புகை வாசனையோட, தலை ஈரமா வீட்டுக்கு வர்றாரு."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நானா கூப்பிட்டேன்? என் வீட்டு விறகு, என் வீட்டுத் தண்ணி, எனக்கே கெட்ட பேரா? பேசவேண்டியதையெல்லாம் பேசினேன் — கையில் ஒட்டிய அம்பை ஆட்டி ஆட்டி. அவள் அம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது ஒட்டிக்கிச்சாங்க?"

"ஆமா."

சமையல் எண்ணெய் எங்கே என்று கேட்டு எடுத்து, அரை மணி நேரம் பொறுமையாகத் தேய்த்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். அதற்குள் குளியல் கதை முழுவதும் சொல்லிவிட்டேன். முதலில் நம்பவில்லை. பிறகு தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

"வாசனை கடைசியாத்தாங்க ஊத்துவேன். ஊத்தாம விட்டா வெறும் சோப்பு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அந்த மனுஷன்."

பத்தொன்பது வருஷம் நானும் இதைத்தான் சொன்னேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

போட்டி. ஓர்வில் நடுவர், தப்படி அளக்கும்போது எண்ணிக்கை மறந்து மூன்று முறை நடந்தார். எனக்கு நான்கு. டுவேனுக்கு ஐந்து. ஷெரிலின் வெறும் சோப்பால் அவனிடம் வாசனையும் இல்லை இப்போது. நானே எதிரியைக் குளிப்பாட்டி அனுப்பியது போல ஆயிற்று.

வாழ்த்துச் சொன்னேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, அப்பத்துக்குக் கரைத்த மாவை, முட்டை போடக்கூட மறந்து, அடி அடியென்று அடித்தேன்.

செப்டம்பர் 14, சனி

ஐந்து மணிக்கே விழித்துவிட்டேன். காற்றில்லை, பனி இறங்கியிருந்தது. இதைவிட நல்ல காலை இந்த வருஷம் வராது.

பத்து மணிக்கு டுவேன் சமையலறையில் வந்து உட்கார்ந்தான்.

"வந்துச்சு. பெரிய கொம்பு. பத்துத் தப்படி."

"அப்புறம்?"

"அம்புக் கூடு கீழ விழுந்துடுச்சு."

"எத்தனை அம்பு?"

"எல்லாம்."

கீழே விழுந்த கூட்டிடம் மான் வந்து, இறகுகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, அங்கேயே புல் மேய்ந்ததாம், ஒன்றரை மணி நேரம். இவன் மேலே வெறும் வில்லோடு. கடைசியில் தும்மினானாம்; மான் நிமிர்ந்து இவனைப் பார்த்துவிட்டு நடந்தே போனதாம்.

"ஓடக்கூட இல்ல, மார்லிஸ்."

நான் சிரிக்கவில்லை. முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் தபால் நிலையத்தில் விடுப்புச் சொல்லிவிட்டுப் பரணுக்குப் போனேன். ஏழே கால். பெண் மான், பன்னிரண்டு தப்படி. நாணை இழுத்தேன். ஒரே அம்பு. நாற்பது தப்படிக்குள் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, அதன் காதைத் தொட்டு, கொஞ்சம் அழுதேன்.

இழுத்து வர ஆள் வேண்டும். டுவேன் வீட்டுக்குப் போன் செய்தேன். அவன் வேலைக்குப் போயிருந்தான். ஷெரில் வந்தாள், மானை ஏற்றி இழுக்க ஒரு பனிச்சறுக்குப் பலகையும் ரப்பர் பூட்ஸுமாக. சாலைவரை வர இரண்டு மணி நேரம். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றபோது, "அந்த வில்லு, பொம்பளைங்க இழுக்கிற மாதிரி லேசாவும் கிடைக்குமா?" என்றாள்.

"என்னைய யாருன்னு நெனச்ச? நானும் பொம்பளைதான்" என்றேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மான் ஈரலும் வெங்காயமும் வதக்கினேன். டுவேன் தட்டு கழுவினான். ஷெரில் கொல்லையில் இருந்து உள்ளே வந்து, முன்கையில் நாண் பட்டுச் சிவந்த தடத்தைப் பெருமையாகக் காட்டினாள். வைக்கோல் கட்டுக்குள் இரண்டு அம்பு, முதல் நாளே.

வரும் சனி பரண் யாருக்கு என்று டுவேன் கேட்டான்.

நானும் ஷெரிலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவனுக்கு இன்னும் கொஞ்சம் ஈரல் வைத்தேன்.