மேல்வீட்டுச் சத்தம்

தோயுல் அப்பாவுக்கு,

சமையலறை வாசலுக்குத் தடுப்புக் கதவு போட்டுவிட்டேன். கொக்கியை நாற்பது தடவையாவது இழுத்துப் பார்த்திருப்பேன், திறக்கவில்லை. இழுப்பறைகளுக்குப் பூட்டு, மேசை முனைகளுக்குப் பஞ்சு. ஆவியடித்து அவன் கையைச் சுட்ட அந்தக் குக்கர் இப்போது ஃபிரிட்ஜுக்கு மேலே இருக்கிறது. தோயுல் எக்கினாலும் எட்டாது. நானும் அதில் சமைப்பதில்லை. கடையில் வாங்கும் டப்பா சோறுதான்.

அவன் கையில் கட்டுப் பிரித்தாகிவிட்டதா? உங்கள் அக்கா களிம்பு போடும்போது அழுகிறானா? அவனுடைய மர ரயிலைத் தேகுவுக்கு, உங்கள் அக்கா வீட்டுக்கே அனுப்பட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா? காலையிலிருந்து அதைப் பெட்டியில் வைக்கிறேன், எடுக்கிறேன்.

நேற்று கீழ்வீட்டு அம்மா மணியடித்தாள். அவன் ஓடுகிற சத்தத்துக்குத் திட்டத்தான் எப்போதும் வருவாள்; அந்தப் பழக்கத்தில், கதவைத் திறந்ததுமே தலைகுனிந்து, "மன்னிச்சுக்குங்க, தரையில இன்னொரு மெத்தை வாங்கிப் போட்டுடறேன்" என்றேன்.

அவள் கையில் காரமாக ஊறவைத்த முள்ளங்கிக் கிம்ச்சி டப்பா. "மெத்தை கெடக்கட்டும். பத்து நாளா மேல சத்தமே காணோமே. புள்ளைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அவங்க அப்பா அத்தை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கார்."

"எப்ப வருவான்?"

நான் டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

படியிறங்கியவள் திரும்பிப் பார்த்து, "வந்தா ஓடட்டும் விடு. ஒம்போது மணி வரைக்கும் நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள்.

யாரும் ஓடாத மெத்தையில் நான் இன்னும் நுனிக்காலில்தான் நடக்கிறேன். டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன். நாளை அதைத் திருப்பிக் கொடுக்கக் கீழே போகவேண்டும். மறுபடியும் கேட்பாள். அவனை எந்த நாள் கூட்டிவருவீர்கள் என்று சொல்லட்டும்?

அவனுடைய அம்மா