புட்டி மூன்று, மருந்து ஒன்று

என் மகளை ஒருநாளும் மருமகள் என்று பிரித்துப் பேசாத கமலம் சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே நம் ஈஜோக்கில் நேற்றெல்லாம் மழை. மிளகாய்க்கு ஆகாத மழைதான். ஆனால் இந்தத் தடவை நான் பயப்படவில்லை. ஏன் என்று உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நீங்கள் கண்ணை மூடிய பிறகு ரவாங் தொழிற்சாலை வேலையை முடித்துக்கொண்டு, புக்கிட் செந்தோசா வீட்டைப் பூட்டிவிட்டு, இங்கேயே வந்துவிட்டேன். மாப்பிள்ளை வீட்டில் மாமியார் தங்குவதா என்று எனக்கே கூச்சம். நீங்கள் இருந்திருந்தால் கூச்சப்பட விட்டிருப்பீர்களா?

உங்கள் குத்தகை நிலத்தை உங்கள் மகன் சுகுமாறன் விடவில்லை. நீங்கள் போட்ட மிளகாயையே போட்டார். போன தீபாவளிக்குப் பறிக்க வேண்டிய காய், சிவக்கிற நேரத்தில் அழுக ஆரம்பித்தது. காயில் வட்டமாக ஒரு குழி விழும். மறுநாள் பார்த்தால் குழி அகன்று, நடுவில் பிசுபிசுவென்று இருக்கும். நீங்கள் வழக்கமாக அடித்த மருந்தை மாப்பிள்ளை அடித்தார். கேட்கவில்லை. தஞ்சோங் காராங் கடையில் வேறு பெயரில் ஒன்று வாங்கினார். அதுவும் கேட்கவில்லை. மூன்றாவதாக ஒன்று வந்தது. கடைசியில், சொன்ன அளவுக்கு மேலேயே கலக்க ஆரம்பித்தார்.

"மாப்ள, கொஞ்சம் நிறுத்திப் பாப்போமா?" என்றேன்.

"அம்மா இத அடிச்சுத்தானே அத்தே எங்களையெல்லாம் ஆளாக்குனாங்க. அவங்களுக்குத் தெரியாததா?"

உங்கள் கை பட்ட மருந்தை விடச் சொன்னால், உங்களையே விடச் சொல்வதாக அவருக்குப் படுகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. பெற்ற மகனாக இருந்தால் அதட்டியிருப்பேன். மாப்பிள்ளையை எப்படி அதட்டுவது?

மகளைக் கார் ஓட்டச் சொல்லி, அழுகிய காய் ஒரு பையிலும் மூன்று புட்டி ஒரு பையிலுமாகக் கோலா சிலாங்கூர் விவசாய அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு மலாய்க்காரப் பெண் அதிகாரி. புட்டிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் பொடி எழுத்தில் இருந்த ஓர் எண்ணைக் காட்டினாள். மூன்றிலும் ஒரே எண். கம்பெனி வேறு, பெயர் வேறு, மருந்து ஒரே குடும்பம்.

"பூஞ்சையை இது ஒரே ஓர் இடத்தில்தான் தாக்கும், மக்சிக். அந்த இடம் மாறிப்போன பூஞ்சை சாகாது. அளவைக் கூட்டினாலும் சாகாது. மற்றதெல்லாம் செத்து, அது மட்டும் பெருகும்" என்று என்னை அத்தை முறை வைத்து மலாயில் பொறுமையாகச் சொன்னாள். காயை வைத்துக்கொண்டு சோதித்தும் பார்த்தார்கள். அவள் சொன்னபடிதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையிடம் அப்படியே சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை.

"அப்ப அம்மா அடிச்சது தப்புங்கிறீங்களா?"

"இல்ல மாப்ள. அம்மா அடிச்சப்ப அது கேட்டுச்சு. இப்பக் கேக்கல. மாறுனது பூஞ்சைதான், உங்கம்மா இல்ல."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் காலையில் நான் போய்ப் பார்த்தபோது, ரொம்பவும் அழுகிப்போன பாரிட் வாய்க்கால் ஓரத்து வரிசைகளைத் தானே பிடுங்கி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். தீபாவளிக் காய் பாதிக்கு மேல் போயிற்று. நானும் சேர்ந்து பிடுங்கினேன். அவர் அழுதாரா, வேர்வையா என்று நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம். பூஞ்சையைப் பல இடத்தில் தாக்கும் பழைய தூள் மருந்துதான் இப்போது முதல் காவல். அதோடு வேறு வேறு குடும்பத்து மருந்தை மாற்றி மாற்றி அடிக்கிறோம். ஒரே குடும்பத்தை அடுத்தடுத்து இரண்டு தடவை அடிப்பதில்லை. புட்டியில் போட்டிருக்கும் அளவைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. அழுகிய காய் ஒன்றுகூடத் தரையில் கிடக்காது. தண்ணீர் மேலிருந்து தெளிப்பதை விட்டு, வேரடியில் சொட்டவிடுகிறோம்.

பாரிட்டுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்து மலாய்க்காரர் பாக்சிக் சமாட் முதலில் சிரித்தார். "கூட ஊத்துலா, சாகும்" என்று தமிழிலேயே சொன்னார். அவருடைய காயும் அழுகிய பிறகு, புட்டியைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். நாம் மட்டும் மாறி, பக்கத்துக்காரர் மாறாவிட்டால் என்ன பிரயோசனம்? இப்போது இரண்டு தோட்டமும் பேசி வைத்துக்கொண்டுதான் மருந்து அடிக்கிறது.

இந்தத் தடவை காய் வந்திருக்கிறது, சம்பந்தியம்மா. குழி விழுந்த காய் அங்கொன்று இங்கொன்று உண்டு. அழுகல் அடியோடு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பறித்ததில் கழிப்பது கொஞ்சம்தான். போன வாரம் கடையில் புதிதாக வந்த ஒரு மருந்தை மாப்பிள்ளையிடம் நீட்டினார்கள். அவர் விலையைக் கேட்கவில்லை. "இது எந்தக் குடும்பம்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் எங்களைக் கேட்ட அதே தோரணை.

உங்கள் மருந்து மறுபடி கேட்கும் காலம் வருமோ, வராதோ, தெரியாது. இப்போது கேட்கிற மருந்துகளை அப்படிப் பாழாக விடமாட்டேன். மற்ற எதிலும் உங்கள் மகன் சொல்வதற்கு நான் விட்டுக்கொடுப்பேன். மாமியாராய் அடங்கி இருப்பேன். தோட்டத்து விஷயத்தில் மட்டும் உங்கள் இடத்தில் நின்று பேசுவேன். அதற்கு உங்களிடம் அனுமதி கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்.

பிள்ளைகளைக் கொடுத்து வாங்கிய உறவில்,
உங்கள் சம்பந்தி இந்திராணி