அம்மாவின் வாட்ச் சார்ஜ் ஏறாத காரணம்

அண்ணாமலையார் துணை

அடி அண்ணாமலை
6.6.2025

அன்பு மகள் எழிலுக்கு அப்பா எழுதுவது. அயர்லாந்துக் குளிரிலும் மழையிலும் நீ உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று முதலில் எழுத வேண்டும் எனக் கீதாஞ்சலி டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நான் நலம், மாடுகள் நலம், அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், பதறாமல் கடைசி வரை படி. இது நான் என் கையால் எழுதும் முதல் கடிதம். அறுபத்தெட்டு வயது வரை கைநாட்டு வைத்தவன், சாயங்கால வகுப்புக்குப் போய்ப் பங்குனியில் பரீட்சை எழுதித் தேறிவிட்டேன் என்பது உனக்குத் தெரியும். ஒரு வரி எழுதி முடித்ததும் திரும்பப் படித்துப் பார்க்கிறேன், நான் நினைத்ததே அங்கே இருக்கிறது, அதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நல்ல சேதியாக எழுத வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். எழுத வேண்டி வந்தது வேறு. மெதுவாக எழுதுகிறேன், இந்தப் பக்கத்துக்கே ஒரு நாள் ஆகிவிட்டது.

வாட்ச் விஷயம்தான். தை மாதம் அம்மா கிரிவலப் பாதையில் போடுகிற கடையில் மயங்கி உட்கார்ந்த பிறகு, ஓட்டக்காரர்கள் கட்டுகிற வாட்ச் என்று ஒன்றை அனுப்பினாய், அம்மாவின் நெஞ்சுத் துடிப்பு அங்கே உன் போனில் தெரியும் என்றாய். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பங்குனிக் கடைசியில் சார்ஜ் தகராறு ஆரம்பித்தது. கிளிப்பை மாட்டினால் மின்னல் குறி வரும், கையை எடுத்தால் போய்விடும். விரலால் அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தால்தான் கொஞ்சம் ஏறும். திருப்பிப் பார்த்தேன், அடியில் இருக்கும் நாலு சின்னப் புள்ளிகளில் இரண்டில் பச்சையாகக் களிம்பு. களிம்புக்கு நமக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே. அன்றைக்கு வெள்ளிக்கிழமை, விளக்கு தேய்க்க அம்மா புளி கரைத்து வைத்திருந்தாள், அதில் ஒரு சிட்டிகை விபூதியும் சேர்த்து வாட்சையும் தேய்த்துவிட்டேன். தங்கம் மாதிரி மின்னியது, அன்றைக்கு முழுசாகச் சார்ஜும் ஏறியது, உன்னிடம் போனில் பெருமையாகச் சொன்னேனே. மூன்றாம் நாள் அடியோடு நின்றுவிட்டது.

செங்கம் ரோட்டில் செல்போன் ரிப்பேர் பார்க்கிற தருமன் இருக்கிறானே, அவனிடம் கொண்டுபோனேன். லென்சை வைத்துப் பார்த்துவிட்டு, "புளி வாசனை வருது தாத்தா, வாட்ச்ல ரசம் வச்சீங்களா" என்று கேட்டான். வியர்வை உப்போடும் ஈரத்தோடும் சார்ஜில் போட்டால்தான் களிம்பு பிடிக்குமாம், புளி களிம்பை எடுக்கும்போது மேல்பூச்சையும் சேர்த்து அரித்துவிடுமாம். கேபிளில் இருக்கும் பின் ஒன்றும் உள்ளே அமுங்கி, மேலே எழாமல் கிடந்தது. புது கேபிள் கொடுத்தான். ஊசி போடும் முன் தடவுகிற ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடை, காயவிடு, பிறகு மாட்டு, மின்னல் குறி வந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போ என்றான். நீயும் அதே வாட்ச்தான் கட்டுகிறாய், ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் கை கழுவுகிறவள், அதனால் உனக்கும் சொல்கிறேன். ஈரத்தோடு மாட்டாதே, கேபிளைக் கிளிப்போடு சேரும் இடத்தில் மடக்கி வைக்காதே. புது கேபிள் வந்தபின் இங்கே ஒன்றரை மணி நேரத்தில் முழுசாக ஏறிவிடும், ஏறியதும் நானே எடுத்து அம்மா கையில் கட்டிவிடுவேன்.

சித்ரா பௌர்ணமி முடிந்த மறுநாள் திரும்பவும் சார்ஜ் ஏறவில்லை. காலையில் அம்மா கழற்றிப் போட்டது, மத்தியானம் வரை அப்படியே இருந்தது. தருமன் சொன்னபடியெல்லாம் துடைத்தேன், வேறு பிளக்கில் போட்டேன், பயனில்லை. அவனிடம் போனால் இடுக்கியால் எதையோ எடுத்து விரல் நுனியில் வைத்துக் காட்டினான், கடுகளவு கறுப்புப் பொட்டு. கேபிள் பின் ஒன்றின் மேல் ஒட்டியிருந்தது. "வாட்சுக்குப் பொட்டு வச்சு அழகு பாக்கறீங்க" என்று கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முகம் கழுவும்போது பொம்பளைகள் பொட்டை எடுத்துக் கண்ணாடியிலோ குழாயிலோ ஒட்டி வைப்பது வழக்கம்தானே, அப்படி வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை மறுபடியும் சார்ஜ் ஏறவில்லை. வகுப்புக்கு வாங்கின கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே பார்த்தேன். அதே பின். அதே மாதிரிப் பொட்டு. எழில், இது தானாக வந்து ஒட்டியது இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா கொல்லையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பொட்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளே தலை நிமிராமல் சொன்னாள். "நெஞ்சு படபடன்னு வந்தா கழட்டி சார்ஜ்ல போட்டுடுவேன். சார்ஜ் ஏறிட்டா நீங்க உடனே தூக்கினு வந்து கட்டிடறீங்க. ஏறாம இருந்தாதான் அது அங்கயே கிடக்கும்." எத்தனை நாளாக என்று கேட்டேன். பௌர்ணமிக் கூட்டத்தில் கடையில் நின்றபோது ஜாஸ்தியாக வந்ததாம், அதிலிருந்து நாலைந்து தடவை வந்துபோனதாம், காபியைக் கம்மி பண்ணினால் சரியாகிவிடும் என்று நினைத்தாளாம். மாசி மாதம் நூற்று நாற்பது என்று உன் போனில் காட்டியதைப் பார்த்துவிட்டு, டூட்டியில் இருந்தவள் வார்டை விட்டு வெளியே வந்து அழுதுகொண்டே போன் செய்தாயே, அதற்காக உன் மேலதிகாரியிடம் பேச்சு வாங்கினாயே, அது அம்மாவுக்கு மறக்கவே இல்லை. "அது கண்ணுக்கு நல்ல நம்பரா தெரியட்டும், நிம்மதியா வேலை பாக்கட்டும்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது, பயம்தான் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஏனென்றால் மூன்று வாரமாக நம்பர் நன்றாக இருக்கிறது, டாக்டரிடம் பேசி, நெஞ்சுக்குச் சாப்பிடுகிற ராத்திரி மாத்திரையைப் பாதியாக்கிவிடலாம் என்று நீ போன ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னாய்.

புதன்கிழமை காலையில் அவளைத் திருவண்ணாமலைக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இ.சி.ஜி. எடுத்தார்கள், எடுத்த நேரத்தில் துடிப்பு ஒழுங்காக இருந்தது. விட்டு விட்டு வருகிற தொந்தரவு இதில் தெரியாது, ஒரு நாள் முழுக்க நெஞ்சில் ஒயர் ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும் என்று வேலூருக்கு எழுதிக் கொடுத்தார். வருகிற வியாழக்கிழமை, பன்னிரண்டாம் தேதி போகிறோம். மாத்திரையைக் குறைக்கவே கூடாது என்றும் சொன்னார். வருகிற பௌர்ணமிக்குக் கடை போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அதற்கு இரண்டு நாளாக என்னோடு பேச்சு இல்லை. வேலூருக்கு வரச் சம்மதித்ததே ஒரு நிபந்தனையின் பேரில்தான், உனக்குப் போனில் சொல்லக் கூடாதாம். "போன்ல சொன்னா அது வேலைய விட்டுட்டு வந்து நிக்கும். நீங்கதான் எழுதக் கத்துக்கினீங்களே, லெட்டர் போடுங்க. அது போய்ச் சேர்றதுக்குள்ள எனக்கே நல்லாயிடும்" என்றாள். தபால் ஆபீசில் கேட்டேன், பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். உறை மேல் உன் விலாசத்தை இங்கிலீஷில் கீதாஞ்சலி டீச்சர் எழுதித் தந்தார்.

நீ இப்போது செய்ய வேண்டியது, உன் போனில் பௌர்ணமியிலிருந்து அம்மாவின் கணக்கைத் திறந்து, கோடு அறுந்து கிடக்கும் இடங்களை மட்டும் பார். அதெல்லாம் சார்ஜில் இருந்த நேரம் என்று இத்தனை நாள் விட்டிருப்பாய். அந்த நேரங்களை எழுதி அனுப்பு, டாக்டர் கேட்கிறார். அம்மாவைத் திட்டாதே, நான் திட்டவில்லை. காலையில் சாப்பிடாமல் டூட்டிக்கு ஓடாதே, கம்பளித் தொப்பி போட்டுக்கொள்.

கடைசியாக ஒன்று. வியாழக்கிழமைக்குப் பிறகு, நல்லபடியாக இருந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன், அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றுவேன். வேறு மாதிரி இருந்தால் அந்த நிமிடமே வார்த்தையை மீறி உனக்குப் போன் போடுவேன். இது வந்து சேரும்போது வியாழக்கிழமை தாண்டியிருக்கும், ஆகையால் அப்படி ஒரு போன் வருவதற்கு முன் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்திருந்தால், நீ பயப்பட வேண்டியதில்லை மகளே, அம்மா நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்துகொள்.

அருணாசலேஸ்வரர் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த மனமும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
கருப்பன்