மெல்லிய படலம்

பிப்ரவரி 9
இன்று போட்ட படலமும் வீண். சுழலும் தட்டில் கண்ணாடித் துண்டை வைத்து, கரைசலை ஊற்றி, அது மங்கத் தொடங்கும் கணத்தில் கழுவும் திரவத்தைச் சொட்ட வேண்டும். முந்தினால் ஓட்டை, பிந்தினால் திட்டுத்திட்டு. எங்கள் சூரிய மின்கலத்தின் உயிரே அந்தச் சொட்டில்தான். மற்றவர்கள் கடிகாரம் பார்த்துச் சொட்டுவார்கள். நான் நிறம் பார்த்து. என்னுடையவைதான் அதிக மின்சாரம் தரும். கைராசிக்காரி என்று பெயர்.

சில வாரங்களாக அந்த நிறம் எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 10
விளக்கை மாற்றச் சொன்னேன். "போன வாரந்தானே மேடம் மாத்தினோம்?" என்றார் எலெக்ட்ரீஷியன்.

பிப்ரவரி 13
சூரியத் தகடு செய்யும் ஆலைக்காரர்கள் அடுத்த மாதம் வருகிறார்கள். இப்போதுள்ள சிலிக்கான் மின்கலத்தைவிட மலிவாகச் செய்யலாம் என்றோமே, அதை நேரில் பார்க்க. சரிவராவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். "நீங்க இருக்கீங்க, எனக்கென்ன கவலை!" என்கிறார் இயக்குநர்.

அப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் மங்கல். கடைசியில் ஒன்றுமே தெரியாமல்—

பிப்ரவரி 17
"அம்மா, ஒரு சாக்ஸ் கறுப்பு, ஒண்ணு நீலம் எடுத்து வெச்சிருக்க. புது ஃபேஷனா?" மகள் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

பிப்ரவரி 20
"கண்ணுல மெல்லிசா ஒரு படலம் படர்ந்திருக்கு," என்றார் கண் டாக்டர்.

"எவ்வளவு தடிமன்?" என்று கேட்டுவிட்டேன். தொழில் புத்தி. அவர் விழித்தார்.

அப்பாவுக்கு வந்தது வேறாம். இது வெறும் புரை, அறுவையில் சரியாகுமாம். ஆனால் அதன்பின் நிறங்கள் சற்று மாறித் தெரியுமாம். பிறகு எந்த நிறத்துக்குச் சொட்டுவேன்?

பிப்ரவரி 24
யாரிடமும் சொல்லவில்லை. கைராசி போச்சுன்னா நான் யாரு அங்க? இந்த வயசுல எவன் என்னைச் சேர்த்துப்பான்?

மார்ச் 2
சொல்லிவிட்டேன். இயக்குநரிடம் அல்ல, அடுத்த அறையில் லேசர் ஆய்வு செய்கிறவளிடம்.

"அடிப்பாவி! வெறும் கண்ணை வெச்சுக்கிட்டா இத்தனை வருஷமா பொழப்பு நடத்தின? மங்குறதைத்தான் பாக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? படலத்துல லேசர் பட்டுத் திரும்புற வெளிச்சம் குறைஞ்சதும் மணி அடிக்க வெச்சிடறேன்டி."

யாரும் கேட்டதில்லை. கைராசி என்று விட்டுவிட்டார்கள். நானும்தான்.

மார்ச் 11
மணி அடிக்கிறது, சொட்டுகிறேன், படலம் பளபளக்கிறது. பயம் மட்டும் போகவில்லை. இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 18
ஆலையின் பொறியாளர் என் படலத்தைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு, "எங்க டிரைவர் ஒண்ணு போட்டுப் பாக்கட்டுமா?" என்றார்.

மணி அடித்ததும் டிரைவர் கூச்சத்தோடு சொட்டினார். அளந்தார்கள். என்னுடையதுக்குச் சமம்.

"இதுதாங்க வேணும் எங்களுக்கு!"

கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஏப்ரல் 6
வலது கண் கட்டைப் பிரித்தார்கள். சுவர் இவ்வளவு வெள்ளையா!

இயக்குநர் போன் செய்தார். ஆலை கையெழுத்துப் போட்டுவிட்டதாம். "இன்னொரு கண்ணையும் முடிச்சிட்டு மெதுவா வாங்கம்மா. இங்க ஒண்ணும் அவசரமில்ல."

அன்பாகத்தான் சொன்னார்.