பஞ்சர் ஆன விமானம்

சின்னவளின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் கால்வலி தேவலையா? டிவியில் செய்தியைப் பார்த்துவிட்டு நீ போன் செய்தபோது எடுக்காமல், "நல்லா இருக்கேன்" என்று மெசேஜ் மட்டும் போட்டதற்குக் கோபிக்காதே.

நேற்று எங்கள் ராணுவத் தளத்தில் ஒரு விமானம் இறங்கும்போது சக்கரத்தை இறக்கும் எண்ணெய்க் குழாய் வெடித்து, ஒரு பக்கச் சக்கரம் வெளியே வரவில்லை. இறக்கை தரையில் உரசித் தீப்பொறி பறக்க, ஓரமாகப் புல் வெட்டிக்கொண்டிருந்த என் பக்கமே திரும்பியது. உன் வீரப் புருஷன் புல்வெட்டும் வண்டிக்கு அடியில் பாய்ந்துவிட்டான். நல்லவேளை, விமானம் தள்ளியே நின்றுவிட்டது.

விமானி இறங்கி ஓடிவந்தார். "அண்ணே, அடி ஒண்ணும் இல்லையே? வெளிய வாங்க."

"தொப்பை மாட்டிக்கிச்சு தம்பி, இழுங்க."

இழுத்துவிட்டு, என் போனை வாங்கித் தன் மனைவியிடம், "டயர் பஞ்சர்ம்மா, லேட்டாகும், நீ சாப்பிடு" என்றார். போனைத் திருப்பித் தந்துவிட்டு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது? குரலை வைத்தே நீ கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

சட்டையில் இரண்டு பொத்தான் தெறித்துவிட்டன, அனுப்பு. இங்கேயும் கிடைக்கும்தான், ஆனாலும் நீயே அனுப்பு. சின்னவளையும் ஒரு வரி எழுதச் சொல்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. எழுத்து ஆடியிருந்தால் மேசையைத் திட்டு, அதற்கு ஒரு கால் குட்டை.

உன் வீட்டுக்காரன்